புது கிராபிக்ஸ் கார்டு போட்டும் சிஸ்டம் மெதுவா? ஃபார்மேட் அடிப்பது கடைசி வேலை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புதிதாக கிராபிக்ஸ் கார்டு போட்ட பிறகு சிஸ்டம் முன்பைவிட மெதுவாக ஓடுகிறதே என்று கேட்டிருந்த வாசகருக்குத் தங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில் இரண்டே வரியில் பதில் வந்திருந்தது. விண்டோஸை ஃபார்மேட் அடித்துப் புதிதாகப் போடுங்கள், அதற்கும் சரிப்படாவிட்டால் எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது சிஸ்டத்துக்கு மின்சாரம் தரும் பெட்டியை, மாற்றுங்கள் என்று. முதல் யோசனைக்கு ஒரு நாள் வேலை கெடும். இரண்டாவதற்குச் சில ஆயிரம் ரூபாய் போகும். இரண்டையும் முடித்துவிட்டு உட்கார்ந்தாலும் பல வீடுகளில் சிஸ்டம் அதே வேகத்தில்தான் நகரும். தொந்தரவின் வேர் பெரும்பாலும் அந்த இரண்டு இடத்திலும் இருப்பதில்லை. பழுதுபார்க்கும் மேசையில் இதைத் தினமும் பார்ப்பவர்கள் என்ற முறையில், காசு செலவாகாத சோதனைகளை முதலில் வைத்து எழுதுகிறோம். இடம் போதாமல் வெட்டுவதானால் வேறு எதை வெட்டினாலும் எஸ்எம்பிஎஸ் பற்றிய பத்தியை விட்டுவைக்க வேண்டுகிறோம்.

முதலில் கேபினெட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். மேலே, கீபோர்டு, யுஎஸ்பி, லேன் துளைகளோடு சேர்ந்து நிற்கும் ஹெச்டிஎம்ஐ துளை மதர்போர்டுடையது. அதற்குக் கீழே, ஸ்க்ரூ போட்ட தகட்டில் படுக்கை வசத்தில் வரிசையாக இருப்பவை புது கார்டுடையவை. மானிட்டர் கேபிள் மேலே உள்ளதில் செருகியிருந்தால் கார்டுக்குக் கொடுத்த பணம் சும்மா உட்கார்ந்திருக்கிறது. படத்தை வரைவது பிராசசரோடு சேர்ந்தே வரும் பழைய ஆன்போர்டு கிராபிக்ஸ். சில நேரம் விண்டோஸ் கார்டிலேயே வரைந்து, அந்தப் படத்தை ஆன்போர்டு வழியாக நகலெடுத்து மானிட்டருக்கு அனுப்பும். அப்போதும் கொஞ்சம் வேகம் போகும்.

இது கவனக்குறைவு மட்டுமல்ல. நம் ஊரில் இன்னும் ஏகப்பட்ட மேசைகளில் நீலநிற விஜிஏ கேபிள் மட்டுமே உள்ள மானிட்டர்தான் இருக்கிறது. என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 10 வரிசை 2016இல் வந்ததிலிருந்து அதிலும் அடுத்து வந்த வரிசைகளிலும் அனலாக் வெளியீடே கிடையாது. கார்டில் விஜிஏ துளை இல்லாததைப் பார்த்து, வேறு வழியின்றி மதர்போர்டு துளையில் செருகிவிட்டுப் போய்விடுகிறார்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஹெச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் போதும். உள்ளே சர்க்யூட் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். டிவிஐ துளையில் மாட்டும் வெறும் பின் அடாப்டர் புது கார்டுகளில் வேலை செய்யாது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே வரை போய்ப் பார்க்க வேண்டும். புது கார்டு போட்டதும் விண்டோஸ் அதை 60 ஹெர்ட்ஸில் வைத்திருக்கும் வாய்ப்பு உண்டு.

அடுத்தது டிரைவர், அதாவது கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போனால் ஜிபியு 0, ஜிபியு 1 என்று கிராபிக்ஸ் சிப்கள் தெரியும். அதில் கார்டின் பெயரே வராமல், டிவைஸ் மேனேஜரில் ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று நின்றால் டிரைவர் ஏறவில்லை. அப்போது திரையில் வருகிற எல்லாவற்றையும் பிராசசரே வரைகிறது. விண்டோவைப் பிடித்து இழுத்தால் வால் பிடித்துக்கொண்டு வரும். எழுத்துகள் பெரிதாகத் தெரியும்.

பழைய கார்டு ஏஎம்டி, புதியது என்விடியா, அல்லது மாறாக என்றால் பழைய டிரைவரின் மிச்சங்கள் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். இதற்கு ஃபார்மேட் தேவையில்லை. டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர், சுருக்கமாக டிடியு என்னும் இலவச நிரலே போதும். வரிசை முக்கியம். புது டிரைவரை முதலில் டவுன்லோடு செய்து டெஸ்க்டாப்பில் வைத்துக்கொள்ளுங்கள். லேன் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். இதை விட்டுவிட்டால் நீங்கள் டிரைவரை அழித்த கையோடு விண்டோஸ் அப்டேட் தன் பங்குக்குப் பழைய பதிப்பு ஒன்றை ஏற்றிவிடும். பிறகு ஷிப்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட், அதில் டிரபுள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ், மறுபடி ரீஸ்டார்ட், 4ஆம் எண். அத்தியாவசியமானவற்றோடு மட்டும் விண்டோஸ் எழும் இந்த சேஃப் மோடில் டிடியுவைத் திறந்து பழைய பிராண்டைத் தேர்ந்து சுத்தம் செய்து, சிஸ்டம் மீண்டும் எழுந்ததும் புது டிரைவரைப் போட்டு, அதற்குப் பிறகே இணையத்தை இணைக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 11 வைத்திருப்பவர்கள் பலருக்குத் தங்கள் டிஸ்க் விண்டோஸின் பிட்லாக்கர் என்னும் பாதுகாப்பு வசதியால் பூட்டப்பட்டிருப்பதே தெரியாது. சேஃப் மோடுக்குப் போகும்போதோ, விண்டோஸுக்கு முன்பே எழும் மதர்போர்டு அமைப்பான பயாஸில் கை வைக்கும்போதோ 48 இலக்க ரெகவரி கீ கேட்டுத் திரை நின்றுவிடும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்த எண்ணை முதலில் காகிதத்தில் எழுதி வையுங்கள். சேஃப் மோடில், விண்டோஸில் நுழையத் தரும் பின் (PIN) எண்ணை ஏற்காமல் போவதும் உண்டு. கணக்கின் பாஸ்வேர்டு நினைவில் இருக்கட்டும்.

புது டிரைவர் போட்ட முதல் நாளில் கேம்கள் திக்கித் திக்கி ஓடினால் பதறாதீர்கள். ஷேடர் எனப்படும், படம் வரையும் சிறு நிரல்களின் சேமிப்பு காலியாகி மறுபடி உருவாகிக்கொண்டிருக்கும். அதே இடத்தை இரண்டாம் முறை கடக்கும்போது திக்கவில்லை என்றால் அதுதான் காரணம்.

இனி, கேள்வி கேட்ட வாசகர் போலவே பலர் மாட்டிக்கொள்ளும், ஆனால் எழுத்தில் அதிகம் வராத ஒரு விஷயம். கல்யாண வீடியோ எடிட் செய்பவர்களுக்கு இது கட்டாயம் தெரிய வேண்டும். இன்டெல் பிராசசரில் ஆன்போர்டு கிராபிக்ஸோடு ஓரளவு நன்றாக ஓடிய எடிட்டிங், ஆர்டிஎக்ஸ் 3060, 4060 மாதிரி நல்ல கார்டைப் போட்டதும் டைம்லைனில் இழுத்தாலே உறைகிறது என்பார்கள். கார்டில் குறை இல்லை. இப்போதைய மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் நிறத்தை நுணுக்கமாகச் சேமித்துச் சுருக்கும் 10 பிட், 4:2:2, ஹெச்.265 என்ற வடிவில் பதிவுசெய்ய முடியும். அந்த வகை வீடியோவை ஹார்டுவேரிலேயே பிரிக்கும் வசதி 11ஆம் தலைமுறை தொட்டு இன்டெல் டெஸ்க்டாப் பிராசசர்களின் ஆன்போர்டு கிராபிக்ஸில் உண்டு. என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 20, 30, 40 வரிசைகளில் அது கிடையாது. 50 வரிசையில்தான் வந்தது. தனி கார்டு ஒன்றைப் பார்த்ததும் பல மதர்போர்டுகள் தாமாகவே ஆன்போர்டை அணைத்துவிடும். விளைவு, நேற்று வரை இன்டெல் சிப் சத்தமில்லாமல் செய்த வேலை இன்று முழுக்க பிராசசர் தலையில் விழுகிறது.

சரிசெய்வது ஐந்து நிமிட வேலை. பயாஸில் ‘ஐஜிபியு மல்டி மானிட்டர்’ என்ற வரி இருக்கும். சில போர்டுகளில் பெயர் கொஞ்சம் மாறும். அதை எனேபிள் செய்து, விண்டோஸில் இன்டெல் கிராபிக்ஸ் டிரைவரையும் ஏற்றுங்கள். மானிட்டர் கேபிள் கார்டிலேயே இருக்கட்டும். பிரீமியரில் பிரிஃபரன்சஸ், மீடியா பகுதியில் ஹார்டுவேர் டிகோடிங் வரிசையில் இன்டெல் பெட்டியை டிக் செய்துவிட்டு மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். கூடவே ஃபைல், புராஜெக்ட் செட்டிங்ஸ், ஜெனரல் போய் ரெண்டரர் என்ற இடத்தில் ‘சாஃப்ட்வேர் ஒன்லி’ என்று பழைய புராஜெக்ட் நிற்கிறதா பாருங்கள். நின்றால் என்விடியா கார்டைப் பயன்படுத்தும் குடாவுக்கு (CUDA) மாற்றுங்கள். பிராசசரின் பெயர் எஃப் என்று முடிந்தால், உதாரணமாக ஐ5-12400எஃப், அதில் ஆன்போர்டே கிடையாது. அவர்கள் பிராக்சி ஃபைல், அதாவது வீடியோவின் இலகுவான நகல், உருவாக்கித்தான் எடிட் செய்ய வேண்டும்.

3டி மென்பொருளான பிளெண்டரிலும் இதே கதை. கார்டைப் போட்டால் மட்டும் அது தானாக எடுத்துக்கொள்ளாது. பிரிஃபரன்சஸ், சிஸ்டம் பகுதியில் ஆப்டிக்ஸ் அல்லது குடாவைத் தேர்ந்து கார்டை டிக் செய்து, பிறகு சீனின் ரெண்டர் பகுதியிலும் ஜிபியு என்று மாற்ற வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டாலும் பிராசசர்தான் ஓடும். ஆட்டோகேடில் வெறும் 2டி வரைபடம் போடுபவர்களுக்குக் கார்டைவிட பிராசசரின் ஒற்றைக் கோர் வேகமே முக்கியம். டேலிக்காகக் கிராபிக்ஸ் கார்டு வாங்கியவர்களுக்கு எங்களிடம் ஆறுதல் வார்த்தை மட்டுமே உண்டு.

அடுத்து ஸ்லாட். மதர்போர்டில் நீளமான ஸ்லாட் இரண்டு இருந்தால் பிராசசருக்குப் பக்கத்தில் உள்ளதுதான் கார்டுக்கு. இரண்டாவது பார்வைக்கு ஒரே நீளம். டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் பல போர்டுகளில் கால் பங்கு தூரத்துக்குத்தான் பின்கள் இருக்கும். நம் ஊரில் நிறைய ஓடும், ஏஎம்டி பிராசசருக்கான பி450 போர்டுகளில் மதர்போர்டின் சிப்செட் தரும் லேன்கள் (இணைய லேன் அல்ல, ஸ்லாட்டில் தரவு ஓடும் பாதைகள்) பிசிஐஇ 2.0 என்ற பழைய, மெதுவான வகை. அந்த வழியாக வரும் இரண்டாவது ஸ்லாட்டில் 4 லேன் என்றால் வினாடிக்குச் சுமார் 2 ஜிபிதான் போகும். முதல் ஸ்லாட்டில் 16 லேன் 3.0 என்றால் ஏறக்குறைய 16 ஜிபி. எட்டில் ஒரு பங்கு வாய்க்காலில் அதே தண்ணீரைப் பாய்ச்சுவது மாதிரி. முதல் ஸ்லாட்டில் கார்டைப் போட்டால் பெரிய சிபியு கூலர் இடிக்கிறது என்று கீழே மாட்டிவிடுவது வழக்கமான தவறு.

சரியான ஸ்லாட்டில் போட்டும் லேன் குறையலாம். சில கார்டுகளே குறைவான லேனோடு வருகின்றன. ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060 இரண்டும் 8 லேன். இவற்றால் பெரிய நஷ்டமில்லை. 2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வெறும் 4 லேன், நினைவகமும் 4 ஜிபி. இதை பிசிஐஇ 4.0 உள்ள போர்டில் போட்டால் வினாடிக்கு 8 ஜிபி அளவுக்குப் போகும். பழைய 3.0 போர்டில் போட்டால் பாதி. கேம் 4 ஜிபிக்குமேல் கேட்கும்போது மிச்சத்தை ராமிலிருந்து இந்த ஒடுங்கிய வழியில்தான் இழுக்க வேண்டும். அங்கேதான் திக்கும். பி550 போர்டு வைத்திருந்தாலும் பிராசசர் ரைசன் 5 5600ஜி என்றால் கிடைப்பது 3.0தான், இதைப் பலர் கவனிப்பதில்லை. ரைசன் 5 8500ஜி வைத்திருப்பவர்களுக்கு எந்தக் கார்டு போட்டாலும் 4 லேன்தான் கிடைக்கும்.

கண்டுபிடிக்க ஜிபியு-இசட் என்னும் சிறிய இலவச நிரல் இருக்கிறது. பஸ் இன்டர்ஃபேஸ் என்ற கட்டத்தில் கார்டின் தகுதி முதலிலும், @ குறிக்குப் பின் இப்போது நடப்பதும் தெரியும். சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சப்படுத்த 1.1 என்று இறங்கி நிற்கும். அதைப் பார்த்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகக் கூடாது. பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்ட்டை ஓடவிட்டுப் பாருங்கள். 16 வரவேண்டிய இடத்தில் 8 அல்லது 4 நின்றால், சிஸ்டத்தை அணைத்து, மின் இணைப்பைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து, கார்டைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள். ஸ்லாட் முனையில் உள்ள கொக்கி ‘டக்’ என்று விழ வேண்டும். தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்ப்பது நம் ஊர் வழக்கம். தேய்த்தால் துகளைத் துடைத்தெடுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த மெல்லிய துணி அதைவிட நல்லது. கனமான கார்டு தன் எடையில் தொங்கினாலும் தொடர்பு விடும். கீழே ஒரு முட்டுக் கொடுங்கள்.

கார்டு போட்ட அன்று சிஸ்டம் முதல் தடவை படம் தராமல், யாராவது மதர்போர்டு பேட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தால் பயாஸ் அமைப்புகள் எல்லாம் பூஜ்ஜியத்துக்குப் போயிருக்கும். அதில் முதலில் பறிபோவது ராமின் வேகம். ராமை அதற்குரிய வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அமைப்பு அணைந்து, 3200க்கு வாங்கிய டிடிஆர்4 ராம் பல சமயம் 2133இலோ 2400இலோ ஓடும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியில் வேகம் தெரியும். அங்கேயே எத்தனை ஸ்லாட்டில் ராம் உள்ளது என்றும் பாருங்கள். ஒற்றை 16 ஜிபியைவிட இரண்டு 8 ஜிபி மேல். டிடிஆர்4 3200 ஒற்றை ராமில் வினாடிக்கு 25.6 ஜிபி, இரண்டில் 51.2. நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும்.

இன்டெல் ஆர்க் கார்டு வாங்கியவர்கள், கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒரே மூச்சில் அணுக விடும் ரீசைசபிள் பார் என்ற அமைப்பைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மற்றக் கார்டுகளுக்கு அது கொசுறு வேகம். ஆர்க்குக்கு அது இல்லாவிட்டால் வேகம் படுத்துவிடும். பயாஸில், பழைய முறையில் பூட் ஆக உதவும் சிஎஸ்எம் அணைந்து, அபவ் 4ஜி டிகோடிங் இயங்க வேண்டும். விண்டோஸ் உள்ள டிஸ்க் எம்பிஆர் என்னும் பழைய பிரிப்பு முறையில் இருந்தால் சிஎஸ்எம்மை அணைத்த உடனே பூட் ஆகாது. முக்கிய ஃபைல்களை வேறு டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டு, விண்டோஸிலேயே உள்ள எம்பிஆர்2ஜிபிடி கருவியால் முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். 10ஆம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பிராசசர் வைத்திருப்பவர்களுக்கு ஆர்க் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

சூடு. இதை சென்னையில் தனியாகச் சொல்லித்தான் ஆக வேண்டும். யூடியூப்பில் 22 டிகிரி அறையில் சோதித்து 70 டிகிரி காட்டிய கார்டு, கத்திரி வெயில் நாளில் ஏசி இல்லாத மாடி அறையில் 36 டிகிரியில் ஓடும்போது அந்த 14 டிகிரியையும் சேர்த்தே சுமக்கும். என்விடியா கார்டுகள் பலவும் 83 டிகிரி வாக்கில் தாமாக வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். ஆர்டிஎக்ஸ் 3060 தின்னும் 170 வாட் அத்தனையும் கடைசியில் கேபினெட்டுக்குள் சூடாகத்தான் வெளியேறுகிறது. பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்றும் 60 வாட் பல்பு ஒன்றும் உள்ளே எரிவதாக நினைத்துக்கொள்ளுங்கள். கார்டு தாங்கினாலும் பக்கத்தில் உள்ள பிராசசர் சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நம் வீட்டுக் கணினி மேசைகளில் கேபினெட்டுக்கென்று மூன்று பக்கமும் பலகை அடைத்த ஒரு அறை இருக்கிறதே, அதைவிட மோசமான இடம் இல்லை. பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தால் வெளியேறிய காற்றே மறுபடி உள்ளே போகும்.

அடையாளம் எளிது. ஆன் செய்ததும் நன்றாக ஓடி, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மந்தமானால் சூடு. ஆரம்பத்திலிருந்தே மந்தம் என்றால் வேறு காரணம். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி மேசை ஃபேனைத் திருப்பி வைத்து அதே கேமை ஓட்டுங்கள். வேகம் திரும்பினால் காற்றோட்டம்தான் பிரச்சினை. முன்பக்கம் உள்ளே இழுக்கும் ஃபேன், பின்பக்கம் வெளியே தள்ளும் ஃபேன் என்று குறைந்தது ஒவ்வொன்று வேண்டும். இன்டெலோடு வரும் ஸ்டாக் கூலரின் நான்கு பிளாஸ்டிக் பின்களையும் தொட்டுப் பாருங்கள். கார்டை மாட்டும்போது கை பட்டு ஒன்று எழும்பிவிட்டால் போதும், பிராசசர் நிமிடத்தில் 100 டிகிரியைத் தொடும். இது ஒன்று மட்டும் ஆன் செய்த உடனேயே மந்தமாகக் காட்டும்.

இப்போது எஸ்எம்பிஎஸ். வாட் போதாத எஸ்எம்பிஎஸ் சிஸ்டத்தை அணைக்கும், ரீஸ்டார்ட் செய்யும், திரையைக் கறுப்பாக்கும். மெதுவாக்குவது அபூர்வம். மெதுவாக இருக்கிறது என்று மட்டும் சொல்லி வருபவரிடம் எஸ்எம்பிஎஸ் விற்பது, பல்வலிக்குக் கண்ணாடி மாற்றச் சொல்வது போல. விதிவிலக்கு, கார்டில் செருக வேண்டிய 6 அல்லது 8 பின் இணைப்பை மறந்திருந்தாலோ பாதி செருகியிருந்தாலோ சில கார்டுகள் வேகத்தைக் கட்டிப்போட்டு ஓடும். ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். 6 பின் 75, 8 பின் 150. ஜிபியு-இசட்டின் சென்சார்ஸ் பகுதியில் என்விடியா கார்டுகளுக்குத் தெரியும் பெர்ஃப்கேப் ரீசன் என்ற வரி, வேகம் எதனால் தடைபடுகிறது என்று சொல்லும். அங்கே பவர் என்று விடாமல் நின்றால் இந்த இணைப்பை முதலில் பாருங்கள். லோடு கொடுக்கும்போது முழு வேகத்திலும் அது வரலாம், அதனால் பக்கத்தில் கிளாக் வேகம் எவ்வளவு என்றும் பார்த்தே முடிவுக்கு வர வேண்டும்.

மாற்றத்தான் வேண்டுமென்றால் பெட்டியில் போட்ட வாட்டை நம்பாமல் லேபிளில் 12 வோல்ட் வரிசையின் ஆம்பியரைப் படியுங்கள். 12 வோல்ட்டில் 18 ஆம்பியர் என்றால் 216 வாட்தான், வெளியே 450 என்று எழுதியிருந்தாலும். பழைய மோலெக்ஸ் பின்னிலிருந்து 8 பின்னுக்கு மாற்றும் ஒயர் வேண்டவே வேண்டாம், உருகும். வீட்டில் உள்ள 600 விஏ யுபிஎஸ் சுமார் 360 வாட்தான் தாங்கும். கரன்ட் போன அந்த நொடியில் சிஸ்டம் அணைந்தால் குற்றவாளி அதுவாக இருக்கலாம்.

கார்டையே சந்தேகப்பட வேண்டிய சந்தர்ப்பமும் உண்டு. ஜிடி 710, ஜிடி 730 போன்றவை இன்னும் ‘2 ஜிபி கார்டு’, ‘4 ஜிபி கார்டு’ என்று ஜிபி கணக்கில் விற்கின்றன. 5600ஜி வைத்திருப்பவர் ஜிடி 730 வாங்கிப் போட்டால் இருந்த ஆன்போர்டைவிட மெதுவான ஒன்றுக்குப் பணம் கொடுத்திருக்கிறார். எத்தனை ஃபார்மேட் அடித்தாலும் அது மாறாது. ஒரே பெயரில் இரண்டு சரக்கும் உண்டு. ஜிடி 1030 டிடிஆர்4 பதிப்பின் நினைவக வேகம் வினாடிக்கு 16.8 ஜிபி, ஜிடிடிஆர்5 பதிப்புக்கு 48. ஆர்டிஎக்ஸ் 3050இல் 8 ஜிபிக்கு 2560 கோர், 6 ஜிபிக்கு 2304, பஸ் அகலமும் குறைவு. ஆர்எக்ஸ் 580 என்றால் 2304 ஷேடர் கோர். அதே பெயரில் 2048 உள்ள கார்டும் சுற்றுகிறது.

அதைவிட மோசம், பழைய ஜிடிஎஸ் 450 அல்லது ஜிடிஎக்ஸ் 550 டிஐ கார்டின் பயாஸை மாற்றி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விண்டோஸுக்கே பொய் சொல்ல வைத்த போலிகள். டாஸ்க் மேனேஜர் பெயரை அப்படியே நம்பும். ஜிபியு-இசட் பெயருக்கு முன்னால் ஃபேக் என்று எழுதிக் காட்டும். வெளியிலேயே ஒரு துப்பு உண்டு. உண்மையான 1050 டிஐயில் விஜிஏ துளை கிடையாது. செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். ஜிடிஎக்ஸ் 9, 10 வரிசைகளுக்கு கேம்களுக்கான புது டிரைவர்கள் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டன.

எல்லாம் சரியாக இருந்தும் வேகம் வரவில்லை என்றால் பிராசசர் தடுக்கிறதா என்று பாருங்கள். கேமில் ரெசல்யூஷனை 1080இலிருந்து 720க்கு இறக்குங்கள். ஃபிரேம் எண்ணிக்கை ஏறினால் கார்டு தடுத்துக்கொண்டிருந்தது. ஏறவில்லை என்றால் பிராசசர் அல்லது ராம். டாஸ்க் மேனேஜரில் பிராசசர் 30 சதவீதம்தானே காட்டுகிறது என்பார்கள். அது எல்லாக் கோர்களின் சராசரி. ஒரே ஒரு கோர் முழுதாக மூச்சுத் திணறுவது அதில் தெரியாது. மூன்றாம் தலைமுறை ஐ5இல் ஆர்டிஎக்ஸ் 3060 போட்டவருக்குப் புது கார்டு தேவையில்லை, பிராசசரும் போர்டும்தான் தேவை. அதுவரை படத்தின் தரத்தைத் தாராளமாக ஏற்றி வைத்துக்கொள்ளலாம், வேகம் பெரிதாகக் குறையாது.

விண்டோஸே பூட் ஆக நேரம் எடுக்கிறது, ஃபோல்டர் திறக்கவே தாமதம் என்றால் அது கார்டின் வேலையே அல்ல. கை பட்டு, டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள் தளர்ந்திருக்கலாம். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ நிரலில் சி7 என்ற வரியில் உள்ள எண் நாளுக்கு நாள் ஏறினால் கேபிளை மாற்றுங்கள்.

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரிச்சி தெருவானாலும் வேறு தெருவானாலும் பில்லில் ‘கிராபிக்ஸ் கார்டு 4 ஜிபி’ என்று எழுதாமல், முழு மாடல் பெயர், நினைவக வகை, சீரியல் எண் மூன்றையும் எழுதிக் கொடுங்கள். கல்லாவில் ஒரு சிஸ்டம் வைத்து ஜிபியு-இசட்டை வாடிக்கையாளர் கண்முன் ஓட்டிக் காட்ட இரண்டு நிமிடம் ஆகும். வாங்குபவர்களும் 18 சதவீத ஜிஎஸ்டியை மிச்சப்படுத்துவதாக நினைத்துப் பில் இல்லாமல் வாங்காதீர்கள். வாரண்டிக்குப் போகும் அன்று சீரியல் எண்ணும் பில்லும்தான் பேசும். பெயர் ஒன்று, சரக்கு ஒன்று என்று தெரிந்தால் ஜிபியு-இசட் திரையையும் கார்டின் பின்பக்க ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்து, கார்டைக் கடையில் ஒப்படைக்கும் முன்பே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிடுங்கள். ஒப்படைத்த பிறகு கையில் ஆதாரம் இருக்காது.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்போர் சிலர்,
சிந்தாதிரிப்பேட்டை, சென்னை - 600002.